எடை மேடையில் என் நாத்தனார்

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லிவிட்டால், பாசத்தில் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே சரக்கு லாரி யார்டில் வேலை பார்க்கிறோம். அவள் லாரி ஓட்டுகிறாள். நான் எடை மேடைக் கேபினில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளுக்கு எடை போடுகிறேன். வீட்டில் அதிகாரம் அவளுடையது. யார்டில் மைக் என் கையில் இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு அவள் அக்கா, அதனால் எனக்கு அண்ணி. கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள் இல்லை. பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் லாரியை விட்டுவிடச் சொன்னார்கள், அவள் வந்தவர்களை விட்டுவிட்டாள். ஆரம்பத்தில் இங்கே மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குத்தான் வந்தாளாம். ஓட்டுநர்கள் சாப்பிடப் போன நேரத்தில் வழியை அடைத்து நின்ற வண்டிகளை நகர்த்தி நகர்த்தியே ஓட்டக் கற்றுக்கொண்டாள். கிளட்ச் மிதித்து மிதித்து அவளுடைய இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்துவிட்டது. கியர் மாறும் சத்தம் கேட்டால் அது அண்ணி வண்டி இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அந்த இடது காலில்தான் அடி பட்டது. சரக்கின் மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தாள். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது, கிளட்சை மிதிக்கவே கூடாது என்றார் டாக்டர். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னேன். "யாருடி யானை?" என்று கட்டிலில் படுத்தபடியே சண்டைக்கு வந்தாள். இப்படிப்பட்டவளுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்?

நடக்கத் தொடங்கியதும் மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. வெளியூருக்குப் போகிற லாங் ரூட்டில் ஓடுவதெல்லாம், அவள் இதுவரை ஓட்டியது உட்பட, கியர் வண்டி. அதில் ஏற டாக்டர் கையெழுத்து வேண்டும், இந்த முட்டிக்கு எந்த டாக்டரும் கையெழுத்துப் போடமாட்டார். புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் வண்டிகள் எல்லாம் ஊருக்குள் கடை கடையாகச் சரக்குப் போடும் லோக்கல் ரூட்டுக்கு. நெரிசலில் கிளட்ச் மிதிக்கும் பாடு மிச்சம். ஆகவே ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொண்டு லோக்கலுக்குப் போ, ஒரு நாள் ஓட்டிப் பார், அதுவும் வேண்டாம் என்றால் வேலை இல்லை என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் அண்ணி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கிளட்ச் இல்லாத வண்டிக்கு டிரைவர் எதுக்கு? அதுவே போயிட்டு அதுவே வரட்டும்."

என் வீட்டுக்காரர் தன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். அக்கா முன்னால் அவர் எப்போதும் வாயில் கொழுக்கட்டைதான். நான் சும்மா இருப்பேனா?

"வீம்பு சம்பளம் குடுக்காது அண்ணி. ஏறிப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

"நீ வண்டி ஓட்டிருக்கியா?"

"நீங்க எடை போட்டிருக்கீங்களா? நான் போட்டதை நம்பித்தானே ஓட்டுறீங்க?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள். எழுந்து போனாள். ஆனால் மறுநாள் காலையில் புது வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டாள். யார்டே வேடிக்கை பார்த்தது. மீசை என்று எல்லாரும் கூப்பிடும் மூத்த ஓட்டுநர் ஒருவர், "என்னக்கா, பொம்மை வண்டியா?" என்று சிரித்தார். "ஆமா, முடிஞ்சா நீயும் ஏறு. இல்லேன்னா உன் மீசையை ஏத்தி விடு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். முதல் திருப்பத்தில் பழக்க தோஷத்தில் இடது கால் தானாகவே எழுந்து, இல்லாத கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. மீசை சிரித்த சிரிப்பு கேபின் கண்ணாடிக்கு உள்ளே வரை கேட்டது. அண்ணி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் சரக்கை எல்லாம் போட்டுவிட்டுக் காலி வண்டியோடு வந்து, நேராக எடை மேடையில் ஏற்றி நிறுத்தினாள். அழகாக நிறுத்தினாள், ஒரு குலுக்கல் இல்லை. அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எங்கள் மேடையில் ஒரு விதி உண்டு. எடை போடும்போது வண்டியில் ஆள் இருக்கக் கூடாது, ஓட்டுநர் கீழே இறங்கி நின்றால்தான் எடை கணக்கில் சேரும். நான் மைக்கை அழுத்தினேன்.

"டிரைவர் இறங்கலாம்."

இறங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். கதவு அசையவில்லை. பின்னால் மீசையின் வண்டி ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னும் பல வண்டிகள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு வெளியே போனேன். கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"இறங்க மாட்டேன்னு மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு. இதே வண்டியை லாங்ல குடுத்தாத்தான் இறங்குவேன்."

அடிப் பாவி, வீட்டில் செய்கிற ரகளை போதாதென்று இங்கேயுமா என்று நினைத்துக்கொண்டு, படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் இடது முட்டியை அழுத்திப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கால் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது, நீட்ட வரவில்லை.

"அண்ணி, முட்டி பூட்டிக்கிச்சா?"

"வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த லோக்கல் ரூட்டில் ஒவ்வொரு கடைக்கும் இறங்க வேண்டும், பின் கதவைத் திறக்க வேண்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். புது வண்டியின் முதல் படியோ இடுப்பு உயரத்தில் இருக்கிறது. கிளட்சைப் பற்றி டாக்டர் பேசினார், மேனேஜர் பேசினார், நானும் பேசினேன். படியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

மேனேஜர் வந்தார். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இறங்கிக் கூடினார்கள். அக்கா போராட்டம் பண்ணுகிறாள் என்று செய்தி பரவிவிட்டது. காலையில் சிரித்த மீசை இப்போது வண்டியை அணைத்துவிட்டு வந்து, "அக்கா கேக்குறது நியாயந்தானே சார்" என்று அவள் பக்கம் நின்றார். அவள் என்ன கேட்கிறாள் என்றே அவருக்குத் தெரியாது.

"இறங்கி ஆபீசுக்கு வாங்க. உக்காந்து பேசலாம்" என்றார் மேனேஜர்.

"இங்கயே பேசுங்க."

"மேடையை மறிச்சு வச்சிருக்கீங்க. எல்லா வண்டியும் நிக்குது. இப்ப இறங்கலேன்னா நான் உங்களை வேலையை விட்டு எடுக்க வேண்டி வரும். எனக்கு வேற வழி இல்ல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அண்ணிக்கும் அது தெரிந்தது. நான் அவளைப் பார்த்தேன். சொல்லிவிடட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வேலை போனாலும் பரவாயில்லை, கால் வரவில்லை என்று இவர்கள் முன்னால் சொல்ல மாட்டாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நீங்களே சொல்லுங்க அண்ணி," என்றேன் எல்லாருக்கும் கேட்கும்படி. "இல்லேன்னா நான் மைக்ல சொல்லுவேன்."

என்னை முறைத்தாள். பிறகு கதவை முழுதாகத் திறந்துவிட்டாள். மடங்கிக் கிடந்த காலை எல்லாரும் பார்த்தார்கள்.

"போராட்டமும் இல்ல, மண்ணும் இல்ல. முட்டி பூட்டிக்கிச்சு. இறங்க முடியல."

பின்வரிசையில் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்களும் இறங்கி வந்தார்கள்.

"வண்டி நல்ல வண்டி," என்றாள். "காலையில பொம்மை வண்டின்னதுக்கு ஆமான்னது தப்பு. ஓட்டுறது ஒண்ணும் வலிக்கல. ஏறி ஏறி இறங்குறதுதான் உயிர் போவுது. லாங்னா ஒரு தடவை ஏறுவேன், ஒரு தடவை இறங்குவேன்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "அதெல்லாம் பேசுறதுக்கு முதல்ல இறங்குங்க. நாலு பேர் பிடிச்சு இறக்கட்டும்."

"இறங்க முடிஞ்சா நான் எதுக்கு சார் லாங் கேக்குறேன்?"

"இறங்கவே முடியாதவங்களை நான் எப்படி ஓட்ட விடுறது?"

"ஓட்டுறதுக்குச் சம்பளமா, இறங்குறதுக்கா?"

மீசை சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. "வழியில தீ கீ பிடிச்சா?"

"குதிப்பேன். முட்டி போனா போவட்டும், உயிர் இருக்கும்ல. இந்த வண்டியை இப்ப யாரு மேடையை விட்டு எடுக்கப் போறாங்கன்னு நினைக்கிறீங்க? என் பழைய வண்டியா இருந்தா இந்தக் காலை வச்சுக்கிட்டு ஒரு அடி நகர்த்த முடியாது. இங்க பாருங்க."

கதவை அறைந்து சாத்தினாள். வண்டி மெல்ல மேடையை விட்டு இறங்கியது. கால் பூட்டியது பூட்டியபடியே இருக்க, யார்டை ஒரு சுற்று சுற்றினாள். நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே, ஆள் ஒதுங்கிப் போகிற இடைவெளியில் புகுந்து, திரும்பி வந்து மறுபடியும் மேடையில் ஏற்றினாள். அதே இடம், அதே கோடு. அந்த இடது கால் ஒரு தடவைகூடக் கிளட்சைத் தேடி எழவில்லை.

மேனேஜர் வண்டியின் படி எவ்வளவு உயரம் என்று கையால் அளந்து பார்த்தார். பிறகு, "டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். இந்த வண்டி லாங்குக்குப் போவட்டும். கீழ ஒரு படி சேர்த்து வெல்டிங் பண்ணச் சொல்லுங்க" என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினார்.

நாலைந்து பேர் கை கொடுக்க ஓடி வந்தார்கள். "யாரும் கிட்ட வரக் கூடாது. பூட்டு விடுற வரைக்கும் இப்படித்தான் உக்காந்திருப்பேன்" என்று விரட்டிவிட்டு, அதற்குள் கேபினுக்குத் திரும்பிவிட்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"என்னடி முழிக்கிற? போடு எடையை. என்னையும் சேத்துப் போடு."

விதிப்படி அது தப்பு. போட்டேன்.