ராமர் பச்சையும் ஒரு இண்டெக்ஸும்

சாயங்காலம் தி.நகர் டெய்லர் கடை. வீட்டம்மாவோட பச்சை பிளவுஸை வாங்கிட்டு ஏழு மணி ரிசப்ஷனுக்கு ஓடணும்.

பச்சை பிளவுஸ்னு சொன்னதும் கடைக்கார அக்கா அலமாரியை மேல்தட்டுலேர்ந்து ஒண்ணொண்ணா புரட்டறாங்க. நாள் முழுக்க டேட்டாபேஸ் மேய்க்கிற எனக்குப் பொறுக்கல.

"அக்கா, பில் நம்பர்படி அடுக்கினா முதல்லேர்ந்து தேட வேணாம், நேரா அந்த இடத்துல கை வைக்கலாம். நாங்க அதை சீக்னு சொல்லுவோம்."

"கலர்படி அடுக்கித்தான் சார் வெச்சிருக்கோம். நீங்கதான் வெறும் பச்சைன்றீங்க. கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, ராமர் பச்சையா?"

வீட்டம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"ராமர் பச்சை! நிச்சயதார்த்தத்துக்கு நீங்களே எடுத்த புடவையோட பிளவுஸுங்க அது!"

அக்கா நேரா கையை விட்டு உருவிட்டாங்க. ரெண்டே செகண்ட்.

அக்காவோட கலர் அடுக்கு, எங்க பாஷைல இண்டெக்ஸ், பக்காவா இருந்திருக்கு. எதை வெச்சுத் தேடணுங்கற கீ தெரியாத ப்ரோக்ராம் நான்தான்.

பிளவுஸ் கிடைச்சாச்சு. இப்போ வீட்டுக்குள்ள எந்த முகத்தோட போறதுன்னு, கல்யாணமானவங்க யாராவது சொல்லுங்கப்பா.