விளக்கு வைக்காத வண்டி

சில்வி அழைத்தபோது கடையில் யாரோ ஒருவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்புக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். "பப்பா போயிட்டார்" என்றாள். மேற்கொண்டு பிரெஞ்சில் ஏதோ தொடங்கி, நடுவிலே நிறுத்திவிட்டாள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அச்சுக்கடை வைத்திருப்பவனுக்குச் சாவுச் செய்தி புதிதல்ல. முன்பு கல்யாண அட்டைகள்தான் அதிகம் அடித்தோம், இப்போது இவைதான். சலித்துப்போய்விட்டது. 'அன்னார்' என்ற சொல்லைப் பார்த்தாலே கை சோர்ந்துவிடுகிறது. ஆனாலும் சில்வியின் தகப்பன் அருணாசலம் அண்ணைக்கு நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

அவரை அறிந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரிக்காரர். மெத்ரோ ரயில் ஓட்டுநர். வீடு நகருக்கு வெளியே பியர்ஃபித்தில். வேலைக்காலம் முழுக்க அவர் ஓட்டியது ஒரே வகை வண்டி. அறுபத்தேழில் உருவான இரும்புச் சக்கர வண்டி என்பதால் அதற்கு 'அறுபத்தேழு' என்றே பெயர். எங்கள் தலைக்கு மேலே பாலத்தில் ஓடும் இரண்டாம் தடத்தில் முதலில் ஓட்டினார். அந்தத் தடத்துக்குப் புது வண்டிகள் வந்தபோது மற்ற ஓட்டுநர்கள் சந்தோஷப்பட, இவர் மட்டும் பழையதோடு போகிறேன் என்று பன்னிரண்டாம் தடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஏன் அண்ணை என்று கேட்டதற்கு, "வீட்டுக்குப் புதுசா சுண்ணாம்பு அடிச்சா பொண்டாட்டிய மாத்திடுவியா?" என்றார்.

நான் அவரைச் சந்தித்ததே அந்த வண்டியில்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிது. இந்தக் கடையில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்க்கொண்டிருந்தேன். லா ஷப்பல் வந்தது, வண்டி நின்றது, கதவு தானாகத் திறக்கும் என்று மரியாதையாக நின்றேன். திறக்கவில்லை. வண்டி புறப்பட்டுவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் என் தோளுக்கு மேலால் ஒரு கை வந்து கதவிலிருந்த தாழைத் தூக்கியது. "ஊர்லேந்து வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் நிக்கிறீங்க. தானா தெறக்கும்னு நின்னா பிகால் வரைக்கும் போய்ச் சேருவ. தூக்குய்யா." சீருடையில் இருந்தார். வேலைக்குப் போகிற வழி. என்னோடு இறங்கி, எதிர்ப்பக்க வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

ஓய்வுபெற்ற பிறகு கடைக்கு வந்து தேநீர் குடிப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அறுபத்தேழில் வந்து நிற்கும். அது முதலில் நீல நிறம், வெள்ளையும் பச்சையும் பிறகு பூசியது. நடுப்பெட்டி ஒரு காலத்தில் முதல் வகுப்பு. அதில் தெரியாமல் ஏறி அபராதம் கட்டிய நம்மவர்களின் கதையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வார். கோடையில் உள்ளே வெந்துபோவோமே என்று நான் முறையிட்டால், "சன்னல் எதுக்கு இருக்கு?" என்பார். சில நாள் எனக்குக் கொட்டாவி வரும். அதையும் கவனித்துவிட்டுத்தான் தொடர்வார்.

இதையெல்லாம் எங்கள் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று வருடாவருடம் கேட்டேன். அந்த வரலாற்றைத் தமிழில் எழுதிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. ஆனால் எழுத உட்காரமாட்டார். "ஓடுற வண்டிக்கு எப்படிய்யா முடிவு எழுதுறது? அது நிக்கட்டும். மறுநாளே எழுதித் தர்றேன்."

பொறுக்காமல் ஒரு வருடம் அந்த வண்டியின் படத்தையாவது போடுவோம் என்று முடிவெடுத்தோம். பக்கம் அமைப்பது என் மனைவி வதனி. நாள் முழுக்க மரண அறிவித்தல் செய்த கை. படத்தைக் கட்டத்துக்குள் வைத்து, கீழே பூப்போட்டு, அறிவித்தலில் வைப்பதுபோலவே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றிவிட்டாள். எனக்கும் அது உறைக்கவில்லை, அழகாக இருக்கிறது என்றேன். மலர் வந்த அன்று அண்ணை கடைக்குள் வந்தார். உட்காரவில்லை. "உயிரோட இருக்கறதுக்கு ஏம்மா விளக்கு வெச்ச?" என்று வதனியைக் கேட்டார். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த மலரில் திருத்தம் போட்டோம்: 'சென்ற இதழில் படத்திலிருந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.' அதைப் படித்த பிறகுதான் எங்களோடு பேசினார்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தேன். மெலிந்துபோயிருந்தார். பத்தாம் தடத்தில் புது வண்டிகள் வந்துவிட்டன, பன்னிரண்டுக்கும் வருமாம் என்றேன்.

"எப்ப?"

"தெரியாது அண்ணை. சுணங்குமாம், கன நாள் ஆகுமாம்."

"அப்ப எங்க ரெண்டு பேர்ல அதுதான் ஜெயிக்கும்" என்றார். "எனக்கு நீ எழுதிடு. அதுக்கு எழுத ஆள் இல்லாம போச்சே." கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சில்வி அனுப்பிய படத்தில் அண்ணை சீருடையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். வதனி அதைக் கட்டத்துக்குள் வைத்தாள், கீழே பூப்போட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"விளக்கு வைக்கவோ?" என்று கேட்டாள்.

"ஓம். வை."

வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள்.

தகனம் முடிந்து பன்னிரண்டாம் தடத்தில் திரும்பினோம். வந்தது அறுபத்தேழுதான். நாங்கள் இறங்கும் மார்க்ஸ் தொர்முவா நிறுத்தத்தில் தாழை நான் தூக்கினேன், எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் இறங்கும்வரை கதவோரம் நின்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பழக்கமும், கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்ட ஒரு வண்டியின் கதையும். அது நின்ற மறுநாள் அவர் சொன்னபடி நான் எழுதுவேன். அதுவரை அதன் படத்துக்கு எங்கள் கடையில் விளக்கு வைக்கமாட்டோம், அண்ணை.