என் சாட்சியில் விடுபட்ட நடுப்பகுதி

இது என்னுடைய இரண்டாவது சாட்சி. முதலாவதை இதே அஜின்கோர்ட் செபக் கூட்டத்தில், உங்களில் பலருக்கு முன்னால்தான் சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். இன்றைக்கும் தட்டலாம், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், தைப்பொங்கல் கழிந்த கிழமை, நானும் என் கணவரும் விட்பியிலிருந்து பூசைக்கு வந்துகொண்டிருந்தோம். நான்தான் காரை ஓட்டினேன். 401 நெடுஞ்சாலையில் உறைமழை, விழுந்த துளி தெருவிலேயே கட்டியாகிற மழை. முன்னால் போன லொறி சறுக்கியது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் சுழன்று போய் நடுச்சுவரில் மோதியது. எயார்பாக், அந்தக் காற்றுப்பை, முகத்துக்கு முன்னால் வெடித்தது. கார் பழைய இரும்புக்குப் போனது, எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வந்த பொலிஸ்காரர் காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அடுத்த கிழமையே நான் இங்கே எழுந்து நின்றேன். கார் சறுக்கியதைச் சொன்னேன். ஆண்டவர் காப்பாற்றியதைச் சொன்னேன். இப்போது எனக்கு ஒரு பயமும் இல்லை என்றும் சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அன்று வீட்டுக்குப் போனபோது பின் இருக்கையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன்.

அதோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டேன். காலையில் வாட்டும் பாண் கருகினால் எயார்பாக் வெடித்த மணம் வந்தது. தெருவில் பனி வழிக்கும் வண்டி வந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. நித்திரை போனது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இவர் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். உன் பக்கமும் ஒரு பிரேக் பூட்டித் தரட்டுமா என்று இவர் பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது விபத்து மனதில் விட்டுப்போன காயம், இதற்கு உளவள சிகிச்சை இருக்கிறது என்று குடும்ப மருத்துவர் எழுதித் தந்தார். நான் போகவில்லை. எனக்குப் பயமில்லை என்று சபையில் சொல்லியாயிற்று. இனிப் போனால் ஆண்டவரையே பொய்யராக்குவது மாதிரி என்று நினைத்தேன். அந்த நாளை என் மனதிலிருந்து எடுத்துவிடும் ஆண்டவரே என்று மட்டும் செபித்தேன். அவர் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பிறம்ரனில் இருக்கிற என் மகள் கர்ப்பமானாள். முதல் பிள்ளை. மருமகன் லொறி ஓட்டுகிறவர், பாதி மாதம் வீட்டில் இருக்க மாட்டார். ஒருநாள் மகள் கேட்டாள்.

"அம்மா, இவர் ரோட்டிலை நிண்டால் நீங்கள்தான் என்னை ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டுபோகோணும். எனக்கு டாக்ஸி வேண்டாம்."

ஓம் என்றேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்குத்தான் என் செபம் மாறியது. எடுத்துவிடும் என்று கேட்கவில்லை. ஆண்டவரே, என்னை எப்படியாவது அந்தக் காரில் ஏற்றிவிடும் என்று கேட்டேன். அடுத்த நாள் காலை குடும்ப மருத்துவரின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. மருத்துவர் எழுதித் தந்த அந்த இடத்தில் தமிழ் பேசும் சிகிச்சையாளர் ஒருவர் இருக்கிறாராம், யாரோ வர முடியாமல் போனதால் ஒரு நேரம் கிடைத்திருக்கிறதாம். இதற்கு மேலும் ஆண்டவர் என்ன, வாசலில் வந்து மணியடிக்க வேண்டுமா? போனேன்.

சிகிச்சையாளரின் பெயர் காயத்ரி. கோயம்புத்தூர்ப் பெண், என் மகளின் வயது, நெற்றியில் பொட்டு. என் ஆண்டவரைப் பற்றி இந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கப்போகிறது என்று மனதுக்குள் ஒரு எண்ணம். என்ன நடந்தது என்று கேட்டார். சாட்சி சொல்லிப் பழகிய வாய்தானே, தடங்கல் இல்லாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"கார் மோதினதைச் சொல்றீங்கம்மா, கடவுள் காப்பாத்தினதையும் சொல்றீங்க. நடுவுல என்ன ஆச்சு?"

நடுவில் நடந்தது இதுதான். மோதிய பிறகு நான் என் கணவரைக் கூப்பிட்டேன். இவர் தலை குனிந்தபடி இருந்தார். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். பதில் இல்லை. என் கையால் இவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். சில வினாடிகள்தான். பிறகு இவர் நிமிர்ந்தார். ஆனால் நான் அந்த வினாடிகளை விட்டு வெளியே வரவே இல்லை. அதை எவரிடமும், இவரிடமும்கூட, அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குக் காயத்ரியிடம் சொன்னேன்.

அந்த நினைவு கிட்ட வரும்போதெல்லாம் நான் ஓடுவதால்தான் அது இன்னும் நடந்துகொண்டே இருப்பதுபோல் இருக்கிறது என்று காயத்ரி விளங்கப்படுத்தினார். நின்று சொல்லச் சொல்ல அது நடந்து முடிந்த ஒன்றாகிவிடுமாம். ஒவ்வொரு கிழமையும் சொல்ல வைத்தார், நடுப்பகுதியோடு. முதலில் பிழிந்து போட்ட துணி மாதிரி வெளியே வந்தேன். போகப் போகச் சொல்ல முடிந்தது. பிறகு, வீட்டில் இவரிடமும் சொல்லிப் பார்க்கலாமே என்றார்.

சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் செத்துப்போனன் எண்டே நினைச்சனீ? நான் காலுக்கடியிலை கண்ணாடியைத் தேடிக்கொண்டெல்லோ இருந்தனான். அந்தச் சத்தத்தோடை காதும் அடைச்சுப்போச்சு."

ஒரு வருடத்துக்கு மேலாக நான் மனதுக்குள் செத்தவீடு கொண்டாடியிருக்கிறேன், மனிதர் மூக்குக் கண்ணாடி தேடியிருக்கிறார்! வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிய இருவரும் அழுதோம்.

ஆனால் தலைக்கு விளங்கியது காலுக்கு விளங்கவில்லை. அதற்கும் காயத்ரி வழி வைத்திருந்தார். முதலில் வீட்டு வாசலில், நிறுத்தி வைத்த காரில், சும்மா இருக்க வேண்டும். தேநீரோடு போய் இருப்பேன். வீட்டில் சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா சமோசா கொண்டுவந்து தந்தார். மற்ற நாளும் தந்தார், நானும் மறுக்கவில்லை. பிறகு எங்கள் தெருவைச் சுற்றி, பிறகு பெரிய வீதி, கடைசியில் 401. செபிக்க வேண்டாம் என்று காயத்ரி ஒருநாளும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு செபியுங்கள் என்றுதான் சொன்னார்.

மகளுக்கு வலி தொடங்கிய காலை மருமகன் லொறியோடு தூரத்தில், வின்னிப்பெக் பக்கம் நின்றார். நான் முன்னமே பிறம்ரனுக்குப் போய் மகளோடு நின்றேன். கார்த் திறப்பை எடுத்தேன். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் லொறி. கண்ணைத் திறந்தபடியே நான் செபம் முணுமுணுத்தது மகளுக்குக் கேட்டுவிட்டது. அந்த வலியிலும், அம்மா, உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டாள்.

"பயமாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனால் காரை ஓட்டுறன்."

மத்தியானத்துக்கு முன்னமே பேத்தி பிறந்தாள். மருமகன் லொறியை ஓரங்கட்டிவிட்டு, தொலைபேசித் திரையில் பிள்ளையைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதார்.

ஆண்டவர் அந்த நாளை என் மனதிலிருந்து எடுக்கவில்லை. அந்த நாளுக்குள் என்னோடு வந்து இருக்க ஒரு பெண்ணை அனுப்பினார். உறைமழை பெய்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடிக்கும், ஆனால் அது அடித்துவிட்டு அடங்கும். இரவில் நித்திரை வருகிறது. இவர் பகிடி விட்டால் சிரிக்கிறேன். ஆண்டவருக்குக் கோடி நன்றி.

இங்கே ஊரில் சண்டைக்காலத்து ஷெல்லடிக்குள்ளால் வந்தவர்கள் இருக்கிறீர்கள். கடலில் தப்பி வந்தவர்கள் இருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லும்போது என் பழைய சாட்சி எனக்குக் கேட்கிறது. உங்கள் நடுப்பகுதியை என்னிடம் சொல்ல வேண்டாம், அதற்கென்று படித்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். ஆண்டவர் கோபிக்க மாட்டார், அவர்களையும் அவர்தான் படைத்தார். போக வாகனம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. கூப்பிடுங்கள், நானே காரை ஓட்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன்.