நான் மாற்றி வாசித்த முடிவு

தூத்துக்குடியில் எங்கள் தெருப் பெண்களில் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மதியச் சோறு முடிந்ததும் எல்லோரும் என் வீட்டில் கூடுவார்கள். வாடகை நூலகத்தில் எடுத்த நாவலை உரக்க வாசிப்பேன். துப்பறியும் கதை, ராஜா கதை, குடும்பக் கதை என்று மாறி மாறி வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் கடல் சாகச நாவல் ஒன்றை எடுத்துவந்தேன். பாதி வாசித்திருந்தபோது புயல் அடித்தது. கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணி ஒன்று திரும்பவில்லை. பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காவின் மகன் அதில் போயிருந்தான்.

"ஏளா, அந்தக் கதைய முடிச்சிரு. அவன் கரை சேருதானான்னு தெரியணும்" என்றாள் அக்கா.

கடைசிப் பக்கத்தில் கதாநாயகன் மூழ்கிப்போகிறான். அதை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் நீந்திக் கரையேறியதாக நானே சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

தோணி வரவே இல்லை. மகனின் ஆன்ம சாந்திக்காக மாதா கோயிலில் பூசை வைக்கலாம் என்று உறவினர் சொன்னபோது அக்கா சம்மதிக்கவில்லை. அழவும் இல்லை. "கதையில வந்தவன் மாதிரி எம்மவனும் வருவான்" என்று தினமும் அவனுக்குச் சோறு எடுத்து மூடிவைத்தாள்.

மாசியில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அதே நாவலை மறுபடி எடுத்துவந்து, அக்காவை உட்காரவைத்து, முடிவை அச்சில் இருந்தபடியே வாசித்தேன்.

"அப்ப அவன் வரலியா?" என்று கேட்டாள். பிறகுதான் அழுதாள்.

அதன் பிறகு எந்த நாவலானாலும் முடிவை முதலில் பார்த்துவிட்டுத்தான் எடுத்துவந்தேன். ஒரு வரியும் மாற்றியதில்லை. அக்காவும் கதை கேட்க வந்துகொண்டுதான் இருந்தாள். நான் புத்தகத்தைப் பிரிக்கும் முன் ஒன்று மட்டும் கேட்பாள்.

"ஏளா, இதுல கடல் வருதா?"