வாடகையில்லாத கார்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். அனுபவித்த இருவரும் இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பேச்சை எடுத்தால் மூத்தவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். இளையவள் துணி மடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

இருவரும் ஓரகத்திகள். மூத்தவள் பல் மருத்துவமனையில் நர்ஸ். இளையவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு இன்னொரு பிரேக். அதை மிதித்தால் ஓட்டுபவரின் பெடலும் சேர்ந்து இறங்கும். அந்த இரண்டாவது பிரேக்கிலேயே கால் வைத்துப் பழகிப்போனதால், யார் வண்டியில் ஏறினாலும் அவள் வலது கால் தரையை அமுக்கும். புகுந்த வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘பிரேக்கு’.

புருஷன்மாருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்கள் இருவர் மட்டும் வெளிநாடு கிளம்பினார்கள். கையைக் கடிக்காமல் ஊர் சுற்ற இளையவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வாடகைக்கு எடுத்த காரைச் சிலர் வேறு ஊரில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதை வாடகைக் கம்பெனியின் சொந்தக் கிளைக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தால் வாடகை இல்லை. பெட்ரோல் போட்டால் போதும்.

“சும்மா தர்றான்னா ஏதோ வில்லங்கம் இருக்கும்” என்றாள் மூத்தவள்.

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதீங்கக்கா.”

சாம்பல் நிறச் சின்னக் கார். கியர் மாற்றும் வேலையில்லை. பக்கத்து இருக்கையின் கதவு மட்டும் மற்றக் கதவுகளைவிடக் கொஞ்சம் புதிதாக இருந்தது. மூத்தவள் அங்கே ஏறிச் செருப்பைக் கழற்றிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

ஊரைத் தாண்டும் முன்பே இளையவளுக்கு ஏதோ உறுத்தியது. ஒரு வளைவில் பிரேக்கை நோக்கிக் காலைக் கொண்டுபோனாள். பெடல் அதற்கு முன்பே லேசாக இறங்கியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் மறுபடி அதே மாதிரி. தடுமாறும் மாணவனுக்கு அவள் எங்கே பிரேக் போடுவாளோ, சரியாக அங்கே.

பக்கத்தில் எட்டிப் பார்த்தாள். மூத்தவள் காலடியில் வெறும் விரிப்பு. அதன்மேல் செருப்பு.

“என்ன பார்க்கறே?”

“ஒண்ணுமில்லக்கா.”

மலையைக் குடைந்து போட்ட சுரங்கச் சாலை வந்தது. இரு பக்கமும் சுவர். ஒதுங்க இடமில்லை. பாதி தூரம் போயிருப்பார்கள்...

பெடல் இறங்கியது.

இந்த முறை லேசாக இல்லை. ஒரே மிதி. தரை வரை. கார் கிரீச்சிட்டு நின்றது.

“ஏன் நிறுத்தினே?”

“நான் நிறுத்தலக்கா.”

ஆக்சிலேட்டரை மிதித்தாள். என்ஜின் உறுமியது. சக்கரம் அசையவில்லை. பிரேக் பெடலுக்கு அடியில் கால்விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

மூத்தவள் குனிந்து இரண்டு கையாலும் இழுத்தாள். சட்டென்று விட்டாள்.

“சூடா இருக்குடி... ஆள் மிதிச்ச சூடு.”

கண்ணாடியில் வெளிச்சம். பின்னால் ஒரு லாரி.

ஹாரன் சத்தம் சுரங்கம் முழுக்க அறைந்தது.

கதவைத் திறக்கப் போனார்கள். ஒரு பக்கக் கதவைச் சுவர் தடுத்தது. மறுபக்கப் பாதையில் வண்டிகள் சீறின. இறங்க வழியில்லை.

வெளிச்சம் பெரிதானது.

மூத்தவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் பெரிதானது...

லாரியின் டயர் கதறியது. நின்றது. ஒரு சாண் இடைவெளி.

பெடல் மெதுவாக மேலே வந்தது.

காரின் கடிகாரத்தில் மதியம் ஒன்று பத்து.

அதன்பிறகு வழி நெடுகப் பெடல் தானாக அசையவே இல்லை.

கிளையின் வாசலில் கார் கழுவும் பெண் ஒருத்தி தோளில் பையுடன் நின்றிருந்தாள். அவளுக்கும் இவர்களைப்போல அரைகுறை ஆங்கிலம்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

“பிரேக் சரியில்லைங்க. தானா அமுங்குது” என்றாள் இளையவள்.

“சுரங்கத்துலயா?”

இளையவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“முன்னாடி இது பயிற்சிக் கார். என் வீட்டுக்காரர் இதுலதான் கத்துக்கொடுத்தார். சுரங்கத்துக்குள்ள ஒரு லாரி விளக்கில்லாம நின்னிருக்கு. ஓட்டின பொண்ணு தப்பிச்சுட்டா. இவர் பக்கம் நசுங்கிடுச்சு. ரெண்டு வருஷமா கண்ணே திறக்கலை. அவர் பக்கத்து பிரேக்கை அப்பவே கழட்டிட்டாங்க.”

பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இப்போ ஆஸ்பத்திரியிலேருந்து போன். அசையாம கிடந்த வலது கால் கட்டில் சட்டத்தை அமுக்கிக்கிட்டு நின்னுச்சாம். மூணு பேர் சேர்ந்தும் எடுக்க முடியலையாம். ஒண்ணு பத்துக்குத் தானா விட்டுடுச்சு. மூச்சும் அதோட போயிடுச்சு. மத்த வண்டியெல்லாம் வெளிய போயிருக்கு. அவரைப் பார்க்கப் போக இது வரட்டும்னுதான் நிக்கறேன்.”

சாவியைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? இளையவள் கொடுத்தாள்.

அந்தப் பெண் கதவைத் திறந்து ஓட்டுபவர் இருக்கையில் குறுக்காக உட்கார்ந்தாள். இரண்டு காலும் வெளியே, தரையில். சாவி மடியில். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெட்டி எடுக்கப் பின்பக்கம் போன மூத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கை மட்டும் இளையவளைக் கூப்பிட்டது.

இளையவள் போய்ப் பார்த்தாள்.

பிரேக் விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.