சுவரேறிக் குதித்த தலைமையாசிரியை

பள்ளிக்கு எதிரே அழகு நிலையம் வைத்திருக்கும் சுருட்டை அக்காவுக்கு, புதிய தலைமையாசிரியை வந்த வாரம் தலைக்கு மேல் வேலை. புருவம் திருத்த வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்த அம்மா இதே ஸ்கூல்ல உங்ககூடப் படிச்சவங்களாமே? சுவரேறிக் குதிச்சு ஓடுவாங்களாமே? அவங்களை நம்பியா நம்ம பிள்ளைங்களை விடறது?"

"ஐயோ, சரியான வாலு!" என்று அக்கா கண்ணை உருட்டுவாள். அவள் சொல்லச் சொல்லச் சுவர் உயர்ந்துகொண்டே போனது.

பெற்றோர் கூட்டத்தில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுந்து நேராகவே கேட்டுவிட்டார். "மேடம், நீங்க சுவரேறிக் குதிச்சது உண்மையா?"

"உண்மைதாங்க. கணக்குப் பரீட்சைன்னா எனக்கு அவ்வளவு பயம். அதனாலதான் ஓடற பிள்ளை எதுக்கு ஓடுதுன்னு எனக்குப் புரியும். ஆனா நான் தனியா ஏறலை. குனிஞ்சு முதுகு கொடுத்தவங்க அதோ, மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. மகளுக்காகக் கூட்டத்துக்கு வந்திருந்த சுருட்டை அக்கா, நழுவ வழியில்லாமல் எழுந்து நின்றாள்.

"ஆமா, இவ என்ன கனம் கனத்தா தெரியுமா? முதுகு இன்னும் வலிக்குது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓட்டுநர்தான் முதலில் கைதட்டினார். முறைத்துக்கொண்டு வந்த அம்மாக்கள், "என் பொண்ணுக்கும் கணக்குதான் மேடம் பயம், கொஞ்சம் பாருங்க" என்று தலைமையாசிரியையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அக்கா வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பத்தாவது படிக்கும் மகள் இடுப்பில் கைவைத்தபடி வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா, நீயுமா?"

அன்றைக்கு அவளைப் படிக்கச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.