அடுக்களை வாசலில் இறங்கிய ஸ்லாப்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஓஸ்வால்டைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவரைத் தெரிந்தவர்களில் அவருடைய சந்தேகத்துக்கு ஆளாகாதவர் ஒருவரும் இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரை வாசலிலேயே நிறுத்தி எடை போட்டுப் பார்ப்பார். ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்திப் போகிறவரைக் கடைசி வரிசை வரைக்கும் கண்ணாலேயே கொண்டுபோய் விடுவார். முப்பத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். நன்றாக வந்த சாமானிலும் கோளாறு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற அன்று அவர்கள் பரிசளித்த கைக்கடிகாரத்தை மறுநாளே கடைக்கு எடுத்துப் போய், இது அசல்தானா என்று விசாரித்தார் மனிதர்.

அப்படிப்பட்டவர் வீட்டில் தரை இறங்கினால் என்ன ஆகும்?

வீட்டைச் சுற்றி நடப்பதற்காக இரண்டடி அகலத்துக்குக் கான்கிரீட் ஸ்லாப் போட்டிருந்தது. அடுக்களை வாசலில் இருந்த மூன்று ஸ்லாப் மட்டும் இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. ஓஸ்வால்ட் மாதாமாதம் ரசமட்டம் வைத்துப் பார்த்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சுவரில் மஞ்சள் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதியும் எழுதுவார். கோடு போட்டாரே தவிர, கொத்தனாரைக் கூப்பிடவில்லை. காரணம் யார் என்று தெரியாமல் கை வைத்தால் தடயம் அழிந்துபோகும் என்பது அவர் கட்சி.

தடயம் யாருக்கு எதிராக என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பக்கத்து மனையை வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருந்த சாமிநாதன்தான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்த்தால் கும்பிடுவார், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புவார். காரணமில்லாமல் ஒருவன் எதற்குச் சர்க்கரைப் பொங்கல் தருகிறான் என்று ஓஸ்வால்ட் யோசிப்பார்.

பகை தொடங்கியது சாமிநாதன் வீடு கட்டிக்கொண்டிருந்த கோடையில். ஊர் முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு. அந்தக் கட்டட வேலையாட்கள் தன் வெளிக்குழாயில் குடம் குடமாகப் பிடித்துப் போகிறார்கள் என்று ஓஸ்வால்ட் முடிவு கட்டினார். ஒரு தடவைகூட யாரும் பிடித்து அவர் பார்த்ததில்லை. அடுக்களை வாசல் சுவரில் இருந்த குழாயைக் கழற்றி, பைப்பை ஸ்லாபுக்கு அடியில் இறக்கி, ஒரு இரும்புப் பெட்டிக்குள் குழாயை வைத்துப் பூட்டுப் போட்டார். பிளம்பரைக் கூப்பிடவில்லை. பிளம்பர் உளவு சொல்லிவிடுவானாம். எல்லாம் தானே செய்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், துவைத்த துணியை எடுத்துக்கொண்டு வந்த அவர் மனைவி கேத்தரின் அந்த இறங்கிய ஸ்லாபில் தடுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். பொம்மனஹள்ளியில் இருக்கும் மகள் சோஃபியா வந்து அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போனாள். "அந்த ஸ்லாப் சரியாகட்டும் டாடி, அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

அந்த "அப்புறம் பார்க்கலாம்" ஓஸ்வால்டைத் தூங்கவிடவில்லை. பார்க்கலாம் என்றால் என்ன பொருள்? மருமகன் க்ளென் வீட்டை விற்றுவிடச் சொல்லித் தூபம் போடுகிறானா? கேத்தரினே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளா? போனில் கேட்டால், "கை பரவால்லங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை. அவள் திரும்பி வராமல் போய்விடுவாளோ என்று முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. ஸ்லாபைச் சரிசெய்தால் வந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

மேஸ்திரி அய்யாவு தர்மபுரிக்காரர். பெங்களூருக்கு வந்து இருபத்தைந்து வருடம். கன்னடம் பாதி தமிழ் பாதியாகப் பேசுவார், வேலையை முழுசாகச் செய்வார். முதல் நாளே கடப்பாரையால் நெம்பி மூன்று ஸ்லாபையும் உடைக்காமல் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டார். அடியில் குழி விழுந்திருந்தது. ஜல்லிப்பொடி கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து, மேலே ஸ்லாபைப் படுத்தினால் இரண்டு நாள் வேலை. ஆனால் அய்யாவு குழியில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"சார், ஏப்ரல் வெயில்ல மண்ணு களி மாதிரி கீது. எங்கேர்ந்தோ தண்ணி வருது. அத பாக்காம ரொப்பினா மறுபடியும் இறங்கிடும்."

"அதானே பார்த்தேன்" என்றார் ஓஸ்வால்ட். "ரெண்டு நாள் வேலையைப் பத்து நாள் இழுக்கப் பார்க்கறே. நீ என்ன மேன், எனக்கு சொல்லித் தர்றியா?"

"இழுத்து எனுக்கு இன்னா சார்? வேற சைட்டுல கூப்டுனே கீறாங்க."

"தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அதோ" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். "அவரு பாத்ரூம் லைன் இந்தப் பக்கமாத்தான் போகுது."

அய்யாவு சண்டை பிடிக்கிற ஆளில்லை. நேரே போய், ஒரு நாள் தண்ணீரை நிறுத்திவைக்க முடியுமா என்று சாமிநாதனிடம் கேட்டார். அவரோ, "அதுக்கென்ன, ஒரு நாள்தானே" என்று தன் வீட்டுத் தொட்டி வால்வை மூடிவிட்டு, பக்கெட்டில் பிடித்துவைத்த தண்ணீரில் குளித்தார். மறுநாள் காலையில் குழியைப் பார்த்தார்கள். அடியில் தண்ணீர் சிறு குட்டையாகத் தேங்கி நின்றது.

"அவர் மூடியிருக்க மாட்டார்" என்றார் ஓஸ்வால்ட்.

"நான்தான் சார் கூட நின்னு மூட வெச்சேன்."

"அப்போ மறுபடி தெறந்திருப்பார்."

இப்படிப் பேசுகிறவரோடு ஒரு மேஸ்திரி எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்? அய்யாவு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி சார். இன்னிக்கி உங்க தொட்டி வால்வ மூடுங்க."

"என்னுதா? என் பைப்பை நானே போட்டேன். அதுல ஒரு கோளாறும் வராது."

"வராதுன்னா மூடறதுல இன்னா நஷ்டம்? ஸ்வல்ப நேரம் சார்."

மாடிக்குப் போய் வால்வை மூடினார் ஓஸ்வால்ட். அய்யாவு குழியில் தேங்கியதை டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றினார். ஓஸ்வால்ட் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார், தான் கண்ணை அகற்றினால் யாராவது கொண்டுவந்து தண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்பதுபோல. பத்து மணிக்குக் குழியில் தண்ணீர் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு மண்ணின் மேல்பக்கம் நிறம் வெளுக்கத் தொடங்கியது.

"வால்வைத் திறந்துட்டு வா" என்று அய்யாவுவோடு வந்திருந்த கூலியாளை அனுப்பினார் ஓஸ்வால்ட். அவன் திறந்த அரை நிமிஷத்தில் இரும்புப் பெட்டிக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து நூல் மாதிரி தண்ணீர் கசிந்து குழிக்குள் இறங்கியது.

அய்யாவு வால்வை மறுபடி மூடச் சொல்லிவிட்டு, மண்ணைக் கையால் வழித்து, பைப் வளைகிற இடத்தில் இருந்த முழங்கை ஜாயிண்டை வெளியே எடுத்தார். பிரித்துப் பார்த்துவிட்டு, யாரிடம் பேசுகிறோம் என்பதையே மறந்து தலையில் அடித்துக்கொண்டார். "எவன் சார் இந்த வேல பண்ணது? மரையில சுத்துற டேப்ப எதிர்ப்பக்கமா சுத்தி கீறான். முறுக்க முறுக்க பிரிஞ்சில்ல வந்துடும்? ரெண்டு வருசமா ஒழுகி ஒழுகி அடி மண்ணெல்லாம் அமுங்கிப் போச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பைப்பை நானே போட்டேன் என்று காலையில்தான் இந்த மனிதர் மார்தட்டியிருந்தார். அய்யாவு வாயை மூடிக்கொண்டு, முழங்கையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அந்த மௌனத்தையும் ஓஸ்வால்ட் சந்தேகப்பட்டார். இவன் சாமிநாதனிடம் சொல்லிச் சிரிப்பானோ? சோஃபியாவுக்குப் போன் போட்டுச் சொல்வானோ? சீ, என்று வந்தது அவருக்கு. திருப்பி அனுப்ப வேண்டிய சாமான் கையில் கிடைத்துவிட்டது. அதில் தன் பெயர் எழுதியிருந்தது.

யாரோ ஒரு பிளம்பர் செய்தது என்று சொல்லிவிடலாம். கேத்தரினுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு நாளில் ஸ்லாப் சமமாகிவிடும், மஞ்சள் கோடுகளைக் கழுவிவிடலாம். ஒரு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு போனை எடுத்தார்.

"கேத்தி, தண்ணி நம்ம பைப்புலேர்ந்துதான். நான் போட்ட ஜாயிண்ட் ஒழுகியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஒண்ணும் பண்ணல. உன் கை என்னாலதான் போச்சு."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

"நான் விழுந்து கெடந்தப்போ நீங்க ஓடி வந்தீங்க" என்றாள் கேத்தரின். "வந்து மொதல்ல என்ன பண்ணீங்க, ஞாபகம் இருக்கா? மதில் மேல எட்டி அந்தப் பக்கம் பார்த்தீங்க. அப்புறம் ஸ்லாபைப் பார்த்தீங்க. மூணாவதாத்தான் என்னைத் தூக்கினீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை நாள் அது ஒரு தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"நான் இங்க வந்து மூணு வாரம். ஒரு நாள் வந்து பார்த்தீங்களா?"

"வீட்டத் தனியா விட்டுட்டு எப்படி..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்க வெட்கப்பட்டு நிறுத்தினார்.

"அதான்" என்றாள் அவள். "ஸ்லாப் இறங்கினதுக்காக நான் வீட்ட விட்டு வரலீங்க." போனை வைத்துவிட்டாள்.

ஓஸ்வால்டுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. மறுநாள் காலை அய்யாவும் கூலியாளும் வந்து ஜல்லிப்பொடி மூட்டையை இறக்கியபோது அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்.

"அய்யாவு, நான் பொம்மனஹள்ளி போறேன். சாயங்காலம் ஆகும்."

"அப்போ வேலைய நாளைக்கி வெச்சுக்கலாமா சார்?"

"இல்ல. நீ பாட்டுக்குச் செய். குடிக்கத் தண்ணி உள்ளதான் இருக்கு, கதவு திறந்திருக்கு."

அய்யாவு நம்பாமல் அவரை மேலும் கீழும் பார்த்தார். மனிதருக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் நினைத்திருப்பார்.

தெருமுனை வரைக்கும் ஓஸ்வால்டின் கால் பின்னால் இழுத்தது. பீரோவைப் பூட்டினோமா, ஜல்லிப்பொடியை ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை இடிப்பார்களா, மொத்தமாகக் கொட்டி மூடிவிடுவார்களா? திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை நின்றார். சிவாஜிநகருக்குப் போய்ப் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் அரிப்பு விடவில்லை. ஓசூர் ரோடு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் அதைச் சகித்துக்கொண்டு போனார்.

கதவைத் திறந்தது கேத்தரின்தான். இளைத்திருந்தாள். மாவுக்கட்டு ஓரங்களில் அழுக்கேறியிருந்தது, இடது கையில் கரண்டி. அவரைப் பார்த்ததும் அவள் கண் முதலில் அவருக்குப் பின்னால் போனது, வேறு யாரோ அவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்களோ என்பதுபோல.

"என்னங்க, வேலை முடிஞ்சிருச்சா?"

"இல்ல. நடக்குது."

"அங்க யாரு இருக்கா?"

"அய்யாவு."

"அவர யாரு பார்த்துக்கறாங்க?"

"யாரும் பார்க்கல" என்றார் ஓஸ்வால்ட். "உன் கையைக் காட்டு."

அவள் உடனே காட்டவில்லை. அவர் சொல்வது நிஜம்தானா என்று அவர் முகத்தை நிதானமாகச் சோதித்தாள். முப்பத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தவளுக்கு அப்படிச் சோதிக்கத் தெரியாதா? பிறகு கரண்டியைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு, கட்டுப் போட்ட கையை மெதுவாக அவரிடம் நீட்டினாள்.